சார்மினார்த் தெருக்களும் பாதசாரிகளும்

ஹைதராபாத் நகரின் வரைபடத்தை விரித்து வைத்து நோக்குவோர், அதன் பழைய பகுதி ஒரு கூட்டல் குறியைப் போல அமைந்திருத்தலைக் காண்பர். அக்குறியின் நடுப்புள்ளியில் நிற்பது சார்மினார். முகம்மது குலி குதுப் ஷா 1591-ஆம் ஆண்டில் எழுப்பிய இக்கட்டடத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ளது. ஏறத்தாழ 11 மீட்டர் அகலமுள்ள நான்கு பெரிய வளைவுகள் நான்கு திசைகளையும் நோக்கித் திறந்துள்ளன. ஒவ்வொரு வளைவிலிருந்தும் ஒரு தெரு புறப்படுகின்றது. வடக்கே சிறிது தொலைவில் சார் கமான் எனப்படும் நான்கு தோரண வாயில்களும், அவற்றின் நடுவே குல்சார் ஹவுஸ் என்னும் நீர்த்தொட்டியும் உள்ளன. கோயிலையோ கோட்டையையோ நடுவில் வைத்து ஊர் அமைப்பது நம் நாட்டில் பெருவழக்கு. இங்கோ ஒரு நாற்சந்தியே ஊரின் நடுவிடமாகக் கொள்ளப்பட்டது.

இந்த நாற்சந்தி அமைக்கப்பட்ட நாளில் அதன் வழியே சென்ற வாகனங்களில் விரைவு மிக்கது குதிரையே. நடப்போர், பல்லக்குச் சுமப்போர், ஒட்டகமும் மாடும் ஓட்டுவோர் ஆகிய யாவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சென்றனர். ஆதலின் தெருவைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை. வேகங்கள் வேறுபட்ட பின்னரே தெரு ஒரு பிரச்சினையாயிற்று என்பதை இக்கட்டுரையைப் படிப்போர் நினைவில் கொள்ளுதல் நலம்.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பெருகி நகரை அழித்தது. அதன் பின்னர் 1909-இல் விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார். அவருடைய ஆலோசனையின் வழியே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் தோன்றிய வரலாறு பலரும் அறிந்ததே. அவ்வளவாக அறியப்படாத மற்றொரு விளைவும் உண்டு. 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளைத் திருத்துவதும் தெருக்களை அகலப்படுத்துவதும் அதன் பணிகள். சார்மினாருக்கு வடக்கே செல்லும் பத்தர்கட்டிக் கடைவீதி அவ்வாரியம் விட்டுச் சென்ற சின்னம். இருபுறமும் ஒரே சீரான கல் முகப்பு, முகப்பில் வளைவுகள், வளைவுகளின் பின்னே நிழல் தரும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிக் கடைகள். வெயிலிலும் மழையிலும் மக்கள் நடந்தே பொருள் வாங்குவர் என்ற கணக்கு அக்கற்களில் எழுதப்பட்டிருக்கின்றது. 1932-இல் நிஜாம் அரசு இரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளுடன் தொடங்கியபோது அக்கணக்கு மாறத் தொடங்கியது. பின்னர் வந்த ஸ்கூட்டரும் ஆட்டோவும் மோட்டாரும் அதனை முற்றிலும் மாற்றிவிட்டன. பல பத்தாண்டுகள் வரையில் சார்மினார், வாகனங்கள் சுற்றிவரும் ஒரு வட்டத் திடலின் நிலையிலேயே இருந்தது.

இங்கு மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். ஆங்கிலத் தொழில்நுட்ப அறிக்கைகளைத் தமிழாக்கும்போது, தெரு, வீதி, சாலை என்னும் மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் எம் போன்றோரிடம் உண்டு. வழக்கில் அவை ஒன்றல்ல. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்வது சாலை. வாயிற்படியும் திண்ணையும் கோலமும் உள்ள இடம் தெரு. தேர் ஓடுவதும் கடை விரிவதும் வீதியில். சார்மினாரைச் சூழ்ந்திருப்பவை வீதிகள். அவற்றைச் சாலைகளாகக் கருதி அளந்ததால் விளைந்த துன்பங்களே இன்று நாம் தீர்க்க முயல்பவை.

அளவைக் குறித்தே முதலில் காண்போம். ஒரு தெருவின் திறனை மணிக்கு இத்தனை வாகனங்கள் என்று கூறுவது பொறியியலாரின் நெடுநாள் வழக்கம். அதனை மணிக்கு இத்தனை மக்கள் என மாற்றிக் கூறினால் முடிவுகள் தலைகீழாகின்றன. உலக நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் கூடி வெளியிட்ட வீதி வடிவமைப்புக் கையேடு தரும் கணக்கு இது: ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், தனியார் மோட்டார் வாகனங்களின் மூலம் ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் வரை செல்லலாம். அதே அகலம் நடைபாதையாக இருப்பின் 9,000 பேர் வரை செல்லலாம். வாகனத்தை ஓட்டுபவர் தம் உடலைச் சுற்றி வெற்றிடம் ஒன்றையும் சுமந்து செல்கிறார். வேகம் கூடக் கூட அவ்வெற்றிடமும் நீள வேண்டும். நடப்பவர்க்கு அரை மீட்டர் போதும். எதிரே வருபவரைத் தோளைச் சாய்த்துக் கடந்து விடுவார். ரம்ஜான் மாத இரவில் லாட் பஜாரில் நெருங்கிச் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்க்கு இக்கணக்கில் ஐயம் எழாது.

அடுத்தது வேகம். ஒரு சிறுவன் கைப்பந்தைத் துரத்திக்கொண்டு தெருவுக்குள் ஓடி வருகிறான் எனக் கொள்க. ஓட்டுநர் அவனைக் கண்டு தடையை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்றும், உலர்ந்த தரையில் நல்ல தடை, வேகத்தை நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் குறைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டரும், தடை பிடித்த பின் 5 மீட்டரும் சென்று, மொத்தம் 13.3 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியோ ஓட்டுநரின் கால் தடையை அடைவதற்குள்ளாகவே 13.9 மீட்டரைக் கடந்துவிடும். முதல் வண்டி அசைவற்று நிற்கும் அதே இடத்தில் இரண்டாவது வண்டி சிறிதும் வேகம் குறையாது அச்சிறுவனை மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைப் போல 2.8 மடங்கு. ஆசிரியர்கள் இயக்க விதிகளைக் கற்பிக்கையில் சாய்தளத்தில் உருளும் குண்டுக்குப் பதிலாக இந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதலாம். மாணவர் அதனை மறக்கமாட்டார்கள்.

இது வெறும் கணக்கன்று. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் பாதசாரிகள். சராசரியாக நாளொன்றுக்கு 90 பேர். ஒரு பள்ளியின் இரண்டு வகுப்புகள்.

ஓசையைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபெல், இரவில் 55 டெசிபெல் என வரம்பு கட்டியுள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்குப் பகல் வரம்பு 50 டெசிபெல். சார்மினாரின் அருகிலேயே நிஜாமியா யுனானி மருத்துவமனை உள்ளது என்பதை இங்கு நினைவூட்டுதல் தகும். டெசிபெல் என்பது மடக்கை அளவு. ஒரே வகையான வாகனங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே குறையும். செவிக்கு அந்த வேறுபாடு அரிதிற் புலப்படும். ஓசை பாதியாயிற்று என்று செவி உணர 10 டெசிபெல் குறைய வேண்டும். அதற்கு வாகனங்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆகவே நெரிசலைச் சிறிது தளர்த்தும் நடவடிக்கைகளால் தெரு அமைதி பெறுவதில்லை. ஒரு பகுதியை முற்றிலும் வாகனமின்றி விடும்போதுதான், அத்தர்க் கடைக்காரர் தம் வாடிக்கையாளரிடம் இயல்பான குரலில் விலை கூறுதல் இயலும்.

சார்மினாரைச் சூழ்ந்த பகுதியைப் பாதசாரிகளுக்கே விட்டுவிடும் திட்டம் சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயே பேசப்பட்டது. திட்டத்தின் கருத்து எளியது. வடக்கிலிருந்து தெற்கே செல்லும் வாகனங்கள் சார்மினாரைத் தொடாமல் விலகிச் செல்ல உள்வட்டச் சாலை, வெளிவட்டச் சாலை எனச் சுற்றுப்பாதைகள் அமைத்தல். நடுப்பகுதிக்குக் கல் பாவுதல். கம்பிகளையும் வடிகால்களையும் தரைக்கடியில் கொண்டுபோதல். கடை வைத்திருப்போர்க்கு இடம் ஒதுக்குதல். இவற்றுள் கல் பாவும் வேலை 2017-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும்பாலும் நிறைவேறியது. சார்மினாரைச் சுற்றி மோட்டார் வாகனங்களும் தடுக்கப்பட்டன. சுற்றுப்பாதைகளோ பழைய நகரின் நெருக்கமான வீடுகளின் ஊடே செல்ல வேண்டியிருந்தமையால் நிலம் எடுப்பதிலேயே ஆண்டுக்கணக்கில் தாமதமுற்றன.

வரிசை மாறியதில் தான் சிக்கல் இருக்கிறது. மாற்று வழி திறக்குமுன் நேர்வழியை அடைத்தால், வாகனங்கள் மறைந்துவிடா. பக்கத்துச் சந்துகளுள் புகும், அல்லது அடைத்த இடத்துக்கே திரும்பும். கல் பாவிய தரையில் ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும் மீண்டும் வலம் வருவதை நகரத்து நாளேடுகள் பலமுறை எழுதியதில் வியப்பில்லை. காவலர் நிற்கும் நேரத்தில் தெரு மக்களுக்கு. அவர் தேநீர் அருந்தச் செல்லும் நேரத்தில் ஸ்கூட்டருக்கு.

இருசக்கர வண்டியைத் தடுக்கக் குட்டைத் தூண்களை நட்டால் போதாதா என்று கேட்கலாம். இதில் ஒரு வடிவியல் இடர் உள்ளது. சக்கர நாற்காலி ஒன்று தடையின்றிச் செல்ல இரு தூண்களுக்கிடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமோ பெரும்பாலும் அதற்குக் குறைவே. ஆகவே ஊனமுற்றோருக்கு வழிவிடும் எத்தூணும் மோட்டார் சைக்கிளுக்கும் வழிவிடும். மோட்டார் சைக்கிளைத் தடுக்கும் தூண் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். தூண்களால் மோட்டாரையும் ஆட்டோவையும் தடுக்கலாம். ஸ்கூட்டரைத் தடுப்பது வாயிலில் நிற்கும் ஆளால்தான் முடியும். அந்த ஆளுக்கு ஆண்டு முழுவதும் தரவேண்டிய சம்பளம் திட்ட மதிப்பீட்டில் கல்லின் விலைக்கு அடுத்தபடியாக எழுதப்பட வேண்டும். கல்லுக்கு ஒருமுறை செலவு. ஆளுக்கு என்றும் செலவு. பல நகரங்களில் முதலாவது கிடைக்கின்றது, இரண்டாவது கிடைப்பதில்லை.

வெப்பத்தையும் மறத்தலாகாது. ஹைதராபாத்தில் மே மாதத்துப் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடுவது வழக்கம். கருங்கல் தளம் பகலெல்லாம் வெயிலைப் பருகி, மாலையில் அதனைத் திரும்ப உமிழும். மரமும் பந்தலும் இல்லாத அகன்ற கல் தளம் புகைப்படத்துக்கு அழகியது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மூதாட்டி அதனைக் கடப்பது தவம். தள்ளுவண்டிக்காரர்கள் கட்டும் துணிப்பந்தல்கள் கண்ணுக்கு ஒழுங்கற்றவையாகத் தோன்றினும் அவையே அத்தளத்தில் கிடைக்கும் நிழலிற் பெரும்பங்கு. அவற்றை அகற்றுவோர் அதற்கு ஈடாக வேறு நிழலைத் தருதல் கடன். பத்தர்கட்டியின் தாழ்வாரத்தை வரைந்த பொறியாளர் இதனை அறிந்திருந்தார்.

தள்ளுவண்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் பரபரப்பான தெருவைச் சீர்திருத்தும் பேச்சு எழுந்தவுடன் முதலில் அகற்றப்படுபவர்கள் அவர்களே. பழம், முத்துமாலை, செருப்பு, துணி, கண்ணாடிப் பொருள் ஆகியவற்றை வைத்து விற்போர் சார்மினாரைச் சுற்றித் தலைமுறைகளாக உள்ளனர். மேற்கே லாட் பஜாரில் அரக்கு வளையல்கள் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. நெருப்பின் மேல் அரக்கை இளக்கி, வளையமாக்கி, சூடு ஆறுமுன் சிறு கற்களைப் பதித்துச் செய்யும் இவ்வளையல்களுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கடைகளுக்கு வருவோர் மோட்டாரிலிருந்து இறங்காமல் வாங்குபவர்கள் அல்லர். பத்துக் கடை ஏறி இறங்கி, கையில் அணிந்து பார்த்து, விலை பேசி வாங்குபவர்கள். வாகனம் குறைவதால் இவ்வணிகம் குறையும் என்ற அச்சத்துக்கு அடிப்படை மிகவும் சிறிது. மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு வழி இல்லாவிடின் கடை நடத்த முடியாது என்ற அச்சம் மட்டும் உண்மையானது. அதனைப் பின்னர்க் காண்போம்.

தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காத்து ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. களப்பணியாளர் இச்சட்டத்தின் சில கூறுகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. இடம் மாற்ற நேரின் 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. நகர விற்பனைக் குழுவின் உறுப்பினரில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் வியாபாரிகளாகவே இருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடைபெற்ற சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ளோரை இடம் பெயர்க்கலாகாது என்றும் சட்டம் கூறுகின்றது. சார்மினாரைப் போன்ற இடத்தில் இவ்விதியின் பொருள் யாதென்பது விளக்கம் வேண்டாமலே விளங்கும்.

இடமின்மை என்னும் வாதத்தையும் அளவுகோலால் சோதிக்கலாம். நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு மோட்டார் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தைக் கொள்கின்றது. பன்னிரண்டரை சதுர மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவுள்ள தள்ளுவண்டிகள் மூன்றினை அவ்விடத்தில் நிறுத்தலாம். மூன்று குடும்பங்களின் பிழைப்பு ஒரு பக்கம். பகல் முழுவதும் அசையாது நிற்கும் ஒருவருடைய வண்டி மற்றொரு பக்கம். ஆயினும் நம் நகரங்களில் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் முதல் வகையினர்க்கே வழங்கப்படுகின்றது.

வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் அடைக்கும் முறை சென்னையில் கையாளப்பட்டது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதையில் விற்றுவந்தோர் 2013-இல் அடுக்குமாடி வணிக வளாகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். மாடிப்படி ஏறி வந்து வாங்குவோர் சிலரே என்று அவர்கள் முறையிட்டனர். போகிற போக்கில் வாங்குவது தெரு வியாபாரத்தின் உயிர்; போக்கு இல்லாத இடத்தில் அது வாடுகின்றது. அதே சாலையில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதைகள் திறந்துவைக்கப்பட்டன. இருக்கைகளும் மரநிழலும் கூடிய அந்நடைபாதையில் மாலை நேரத்தில் குடும்பத்தோடு அமர்ந்திருப்போரைக் காணலாம். வாகனங்கள் நடுவே சென்றுகொண்டுதான் இருக்கின்றன. முற்றிலும் தடுக்காமலே பெரும்பயன் பெறலாம் என்பதற்கு இது சான்று. விற்போரை முன்னரே அகற்றிவிட்டுப் பின்னர் நடைபாதையை விரிவாக்கியதைப் பாராட்டுதல் இயலாது.

ஒரே இடத்தைப் பலர் கேட்கும்போது இடத்தைப் பிரிப்பது ஒரு வழி. காலத்தைப் பிரிப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி தமிழர்க்குப் புதிதன்று. நாளங்காடி, அல்லங்காடி என்னும் சொற்கள் சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியிலேயே காணப்படுகின்றன. பகற்கடை வேறு, இராக்கடை வேறு. டெல்லியின் சாந்தினி சௌக்கில் இம்முறை இன்றைய வடிவில் கையாளப்பட்டுள்ளது. செங்கோட்டையின் எதிர்ப்புறமிருந்து பதேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் வீதி புதுப்பிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அங்குக் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. மிதிவண்டி ரிக்‌ஷாக்கள் செல்லலாம். சரக்கு வண்டிகள் இரவில் வந்து மூட்டைகளை இறக்குகின்றன. பத்தர்கட்டியின் ஜவுளிக் கடைக்காரர்களும் முத்து வணிகரும் அஞ்சும் மூட்டைப் பிரச்சினைக்கு இதுவே விடை. இரவில் சுமை இறக்கும் கூலியாட்களுக்கு ஓய்விடமும் கழிப்பிடமும் விளக்கும் தரவேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். இல்லையேல் பாதசாரியின் இன்பம் மற்றொரு தொழிலாளியின் துன்பமாகிவிடும்.

ஹைதராபாத்திலும் காலப்பிரிவினையின் ஒரு சோதனை நடந்தது. 2021 அக்டோபரில் 'ஏக் ஷாம் சார்மினார் கே நாம்' என்ற பெயரில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சார்மினாரைச் சுற்றிய தெருக்கள் மக்களுக்கே விடப்பட்டன. காவல்துறை வாத்தியக் குழு இசைத்தது, முஷாயிரா நடந்தது, குழந்தைகள் நடுத்தெருவில் ஓடி விளையாடினர். வாரத்தில் சில மணி நேரமே ஆயினும், அத்தெரு எப்படி இருக்கக்கூடும் என்பதை நகரம் தன் கண்ணால் கண்டது. வரைபடங்களைக் காட்டி வாதிடுவதினும் ஒரு மாலைப்பொழுது தெருவைத் திறந்து காட்டுதல் பயனுள்ளது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயே என்னும் கடைவீதி 1962 நவம்பரில் இப்படிச் சோதனையாகத்தான் மூடப்பட்டது, கடைக்காரர்கள் அஞ்சினர், 1964-இல் ஏற்பாடு நிலையானதாயிற்று. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் மக்கள் வாகனமின்றி நடக்கின்றனர். அவ்வூர்க்காரர் எவரும் அவற்றை மீண்டும் மோட்டாருக்குத் திறக்குமாறு கேட்பதாகத் தெரியவில்லை.

கடைவீதியை விட்டுக் குடியிருப்புத் தெருவுக்கு வந்தால் வேறொரு கேடு தெரிகின்றது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்னும் நகர அமைப்புப் பேராசிரியர் தம் துணைவருடன் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். அத்தெருக்களில் நாள்தோறும் சென்ற வாகனங்கள் முறையே ஏறத்தாழ 2,000, 8,000, 16,000. முதல் தெருவில் வசித்த ஒருவருக்கு அத்தெருவிலேயே சராசரி 3.0 நண்பர்கள் இருந்தனர், இரண்டாவதில் 1.3, மூன்றாவதில் 0.9. வாகனம் பெருகப் பெருக மக்கள் வாசற்படியை விட்டு வீட்டின் பின்கட்டுக்கு நகர்ந்தனர். பழைய ஹைதராபாத்தின் சந்துகளில் வசிப்போர்க்கு இவ்வாராய்ச்சியில் புதுமை ஏதும் இராது. சார்மினாருக்கு முன்னே தடுக்கப்பட்ட வண்டிகள் தம் வாசலில் ஒலி எழுப்புவதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். நடுவிடத்தைச் சீராக்கும் திட்டம் பக்கத்துச் சந்துகளின் கணக்கையும் தன் ஏட்டில் எழுதாவிடின், ஒருவர் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் தள்ளியதாகவே முடியும்.

இனி, களப்பணியாளரும் ஆசிரியரும் தம் ஊர்த் தெருவில் செய்யத்தக்க அளவீடு ஒன்றைக் கூறுகிறேன். இதற்கு ஒரு நாடா, ஒரு கடிகாரம், சுண்ணாம்புக் கட்டி, கோடிட்ட தாள் ஆகியவை போதும். மாணவர் நடைபாதையின் உட்புறத்தில் நின்றே பணி செய்ய வேண்டும்.

தெருவுக்குக் குறுக்கே ஒரு கற்பனைக் கோட்டைக் கொள்க. காலை எட்டு மணி, நண்பகல், மாலை ஆறு மணி ஆகிய மூன்று வேளைகளிலும் பத்து நிமிடம் அக்கோட்டைக் கடப்போரை எண்ணி ஆறால் பெருக்குக. வண்டியை எண்ணற்க, வண்டியிலுள்ள ஆட்களை எண்ணுக. நடப்போரில் குழந்தைகள், முதியோர், சுமை தூக்குவோர், கைத்தடியோ சக்கர நாற்காலியோ கொண்டோர் ஆகியோரைத் தனிப் பத்திகளில் குறித்துக்கொள்க. பின் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, நிற்போரையும் அமர்ந்திருப்போரையும் விற்போரையும் எண்ணுக. அரசுக் கணக்குகளில் வழக்கமாக விடுபடுவோர் இவர்களே.

நடைபாதையை அதன் மிகக் குறுகிய இடத்தில் அளக்கவும். சராசரி அகலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. மின்மாற்றிப் பெட்டி ஒன்று வழியை அடைத்தால் மக்கள் தெருவில் இறங்கியே தீர்வர். இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நூல் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்கும், தலைக்கு மேல் வெளி 2.2 மீட்டருக்கும் குறையலாகாது எனவும், விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகலாகாது எனவும் கூறுகின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் முதியவர் ஒருவரை ஐந்து நிமிடம் கவனித்தால் கடைசி எண்ணின் காரணம் விளங்கும்.

வேகத்தை அளக்க, தெரு ஓரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் குறிகள் இடுக. ஒரு வண்டி அவ்விடைவெளியைக் கடக்க எடுக்கும் நொடிகளால் 180-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். ஆறு நொடி எனில் 30 கிலோமீட்டர். மூன்றரை நொடி எனில் 51. தெருவைக் கடப்பவரின் நேரத்தையும் அளக்கவும். இளைஞர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர். முதியோர் பலர் 0.8 மீட்டரே நடப்பர். பதினான்கு மீட்டர் அகலமுள்ள தெருவைக் கடக்க முன்னவர்க்கு 12 நொடியும் பின்னவர்க்கு 17 நொடிக்கு மேலும் வேண்டும். சைகை விளக்கு 12 நொடியே பச்சையாக இருப்பின், முதியவர் நடுத்தெருவில் அகப்பட்டுக்கொள்வார். நடுவே நின்று இளைப்பாறும் மேடை ஒன்று இருந்தால் அவர் ஏழேழு மீட்டராகக் கடந்துவிடலாம்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவின் நீளத்தில் எத்தனை தப்படி நிழலில் உள்ளது, எத்தனை தப்படி வெயிலில் உள்ளது என்பதையும் எழுதுக. நிழலைத் தருவது மரமா, கட்டடமா, தள்ளுவண்டியின் துணியா என்பதைத் தனியே குறிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மழை நாளிலும் ஒரு சந்தை நாளிலும் மீண்டும் செய்தல் நலம். தாள்களில் ஒரு பிரதி பள்ளியில் இருக்கட்டும். மற்றொன்றை நகராட்சியின் பொறியாளருக்கும், மூன்றாவதை நகர விற்பனைக் குழுவுக்கும் அனுப்பலாம். குழு உங்கள் ஊரில் இன்னும் அமைக்கப்படவில்லை என்று விடை வந்தால் அந்த விடையையும் தாளோடு சேர்த்துக் கோப்பில் வைக்கவும்.